வாகை, பலா, தேக்கு

என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அவர் என் டிராயிங் போர்டைத் தட்டிப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். புதன்கிழமைகளில் கல்லூரி விட்டதும் நேராக எங்கள் மாதா கோயிலின் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போவேன். பஸ்ஸில் எல்லோரையும் இடித்துக்கொண்டு அந்தப் பெரிய பலகையும் என்னுடன் வரும். அன்று அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். சட்டையை முழங்கை வரை மடித்துவிட்ட ஒருவர் வந்து குனிந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நடுவிரல் முட்டியால் பலகையில் மூன்று இடங்களில் தட்டினார். பிறகு காதைக் கிட்டே வைத்து இன்னொரு முறை தட்டினார்.

"உள்ளுக்குள்ள துண்டு துண்டா ஒட்டிருக்கறாங்க. இந்தப் பக்கம் பசை விட்டுப்போச்சுங்க. மழை வந்தா வளையும். ஏனுங்கம்மணி, உங்க பேரென்னங்க?"

ஐப்பசியில் வளைந்தது. அந்தப் பக்கமேதான்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு வேறு விஷயங்களும் உண்டு. நன்றாகப் பாடுவார். கூச்சமில்லாமல் இரண்டாம் முறை சோறு கேட்பார். சைக்கிளை எப்போதும் சாலையின் நடுவில் ஓட்டுவார். ஆனால் அவரை நினைத்தால் முதலில் வருவது அந்த விரல் முட்டிதான். மரத்தால் ஆன எதையும் தட்டாமல் அவரால் கடந்து போக முடியாது. கோயில் பெஞ்சுகளில் எது எந்த மரம் என்று அவருக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் முழந்தாளிட்டு, பாவத்தைச் சொல்வதற்கு முன் பெட்டியைத் தட்டியிருக்கிறார். உள்ளேயிருந்த சாமியார், "யாருங்க, உள்ள வாங்க" என்றாராம்.

ஒரு முறை எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தில், ஒரு பெரியவர் இறந்துபோனார். கல்லறை வரை நாங்கள் பாடிக்கொண்டே போனோம். சவப்பெட்டியை இறக்கிவைத்துக் குடும்பத்தார் அழுதுகொண்டிருந்தபோது, பெட்டியின் மூலையில் இவர் கை போனதைப் பார்த்தேன். சத்தம் மிக மெல்லியதுதான். பிறகு என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"மாமரமுங்க. ரெண்டு மழைக்குத் தாங்காது."

அந்தப் பக்கம் நின்ற அவர் மனைவி ஸ்டெல்லாக்கா அவர் விலாவில் ஒரு கிள்ளு கிள்ளினார். அடுத்த பல்லவி சற்று உயர்ந்த சுருதியில் தொடங்கியது அதனால்தான்.

ஸ்டெல்லாக்காவிடம் அவரைப் பற்றிக் குறைகள் ஏராளம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "பொண்ணு பாக்க வந்தவரு என்னைய நிமுந்து பாக்கல கண்ணு. நான் காப்பியக் கொண்டாந்து டீப்பாய் மேல வெச்சா, டீப்பாயைத் தட்டறாரு. காப்பி ஆடுது. எங்கப்பா பயந்துட்டாரு, மாப்பிள்ளைக்குக் கைநடுக்கமோன்னு."

"அது நல்ல வேங்கை டீப்பாயி. அதப் பாத்துத்தான் சரின்னேன்" என்பார் இவர்.

"அப்ப அதையே கட்டியிருக்கலாமுங்க. காப்பி வெக்கவும் ஆகும்."

இந்தப் பழக்கம் அவருக்குத் தொழிலிலிருந்து வந்தது. ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறையில் அவர் பேட்டர்ன் மேக்கர். இரும்பில் ஒரு பம்பு வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே பம்பை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மரப் பம்பை மணலில் பதித்து எடுத்தால் குழி கிடைக்கும். குழியில் காய்ச்சிய இரும்பை ஊற்றுவார்கள். மரத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் அது ஆயிரம் பம்புகளில் பிசகும். அதனால் விரிசலோ ஈரமோ உள்ள கட்டையை உளி வைப்பதற்கு முன்பே தட்டிக் கண்டுபிடித்துவிடுவார்கள். பட்டறையில் எல்லோரும் தட்டுவார்கள். இவர் மட்டும் பட்டறைக்கு வெளியேயும் தட்டினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மற்றவர்களுக்கு மரத்தின் ஓசை நல்லது, கெட்டது என்று இரண்டே வகை. இவருக்கு ஒவ்வொரு மரமும் ஓர் ஆள். வாகை முன்கோபி. பலா பொறுமைசாலி, ஆனால் மெதுவாகத்தான் வழிக்கு வரும். தேக்கு பெரிய மனுஷன், யாருக்கும் அசையாது. வேம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது வேண்டாமுங்க, சொந்தக்காரங்க மாதிரி" என்பார். மேலே விளக்கமாட்டார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தன் கையால் செய்த மின்கிடாரை ஒரு முறையாவது மேடையில் வாசிக்க வேண்டும். எங்கள் குழுவில் அவர்தான் கிடார் வாசிப்பவர். கோயிலுக்குச் சொந்தமான பழைய கிடார் ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் பங்குகளுக்கிடையே பாடல் போட்டி நடக்கும். அதற்கு மட்டும் ஓர் இன்னிசைக் குழுவிடமிருந்து மின்கிடாரை வாடகைக்கு எடுப்போம். வாடகைக் கிடாரை வாங்கும்போதெல்லாம் அவர் அதைத் திருப்பி, பின்பக்கம் தட்டுவார். முகம் சுளிப்பார். "பெயின்ட்டுத்தான் ஜாஸ்தி" என்பார்.

நான் இரண்டாமாண்டு வந்தபோது கிடார் செய்யத் தொடங்கினார். என் பங்குக்கு நான் செய்தவை: கம்பிகளுக்குக் கீழே வைக்கும் காந்தச் சுருளைக் கல்லூரி ஆய்வகத்தில் சுற்றிக் கொடுத்தேன். கழுத்தில் ஃப்ரெட்டுகளை எங்கெங்கே பதிப்பது என்று கால்குலேட்டரில் கணக்குப் போட்டு ஒரு பட்டியல் கொடுத்தேன். ஃப்ரெட் என்பது வீணையின் மெட்டு போன்றது, விரல் அழுத்தும் இடத்துக்குக் கீழே குறுக்காக நிற்கும் உலோகக் கம்பி. மொத்தம் இருபத்தொரு தூரங்கள், தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை. மூன்றாவது பங்கு, வாக்குவாதம்.

சாதாரணக் கிடாரில் காலிப் பெட்டி ஒன்று இருக்கிறது, ஒலி அதற்குள் உருண்டு வருகிறது, அதனால் பெட்டியின் மரம் முக்கியம். மின்கிடாரின் உடலோ ஒரு கெட்டிப் பலகை. கம்பி இரும்பு, கீழே காந்தம், காந்தத்தைச் சுற்றிச் செம்பு. கம்பி அதிர்ந்தால் செம்பில் மின்சாரம் வருகிறது, அது ஒயர் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது. இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, "இதுல மரம் எங்கயும் வரலீங்கண்ணா. பிளாஸ்டிக்ல செஞ்சாலும் அதே சத்தந்தான்" என்றேன்.

அவர் சீவுளியைக் கீழே வைத்தார்.

"சரீங்கம்மணி. அந்தக் கம்பியோட ரெண்டு முனை எதும்மேல நிக்குதுங்க? காத்துமேலயா?"

அன்றிரவு நோட்டில் அந்தக் கேள்வியை எழுதி வைத்தேன்.

முதல் உடல் வாகையில். உடுமலைப்பேட்டை சாலையில் ஒரு மர அறுவை மில்லில் அரை நாள் தட்டித் தேர்ந்தெடுத்த பலகை. கழுத்தை நான்கு திருகுகளால் உடலில் பொருத்தினார். கம்பிகளின் கீழ்முனை வந்து உட்காரும் பித்தளைப் பட்டையான பிரிட்ஜை அவர் பட்டறையிலேயே வார்த்தார்கள். அடுத்த பயிற்சிக்குக் கொண்டுவந்தார். கழுத்தின் தலைப்பக்கத்தில் வாசித்தபோது அழகாக இருந்தது. கை கீழே இறங்கி உயர்ந்த ஸ்வரங்களுக்கு வந்தபோது எல்லோர் முகமும் ஒரே மாதிரி கோணியது. சுருதி ஏறிக்கொண்டே போனது. விரல் வைக்காத திறந்த கம்பி சரியாக இருந்தது, மேல் ஸ்வரம் மட்டும் அரைக் கடுகளவு தூக்கலாக நின்றது.

எங்கள் குழுவை நடத்தியவரை மாஸ்டர் என்போம். வங்கியில் வேலை, அவசரப்படாத மனிதர். "மேல போனா என்னமோ பண்ணுதேங்க" என்றார்.

"வாகைங்க மாஸ்டர். முன்கோபி. உயரத்துக்குப் போனாக் கத்துது. மரத்த மாத்திடறனுங்க."

இரண்டாவது உடல் பலா. ஸ்டெல்லாக்காவின் அப்பா தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த மரம். அதை அறுத்து, நிழலில் காயவைத்து, மஞ்சள் நிறத்துக்கே ஊரார் வந்து பார்க்கும்படி இழைத்தார். அதுவும் மேலே போனால் தூக்கியது. "ஈரம் இன்னும் உள்ள இருக்குதுங்க. பலா மெதுவாத்தான் வழிக்கு வரும்" என்றார். ஆறு மாதம் காத்திருந்தார். வழிக்கு வரவில்லை.

மூன்றாவது தேக்கு. பட்டறை முதலாளியிடம் கேட்டு வாங்கிய பழைய கட்டை. அதற்குள் நான் மூன்றாமாண்டில் இருந்தேன். மாஸ்டர் அந்த ஆண்டுப் போட்டிக்குத் தானே ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டிருந்தார். நடுவில் எல்லோரும் நிறுத்திவிடுவோம். கிடார் மட்டும் படிப்படியாக ஏறி, கடைசி ஸ்வரத்தில் போய் நிற்கும். அது நின்றுகொண்டிருக்கும்போதே அதன் கீழே எங்கள் ஆல்டோ வரிசை, தாழ்ந்த குரல் பெண்கள், மெல்ல நுழைய வேண்டும். இவர் கிடாரை மனத்தில் வைத்தே மாஸ்டர் அப்படி எழுதினார் என்று எனக்குத் தோன்றியது.

தேக்கும் தூக்கியது.

அன்றுதான் அவர் எதையும் தட்டாமல் உட்கார்ந்திருந்ததை முதல் முறையாகப் பார்த்தேன். "தேக்கே இப்புடிப் பண்ணுனா, பொறவு நான் யாருகிட்டங்க போறது" என்றார். மாஸ்டர் அவர் தோளில் கைவைத்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. சரியாச்சுன்னா உங்களுது. ஆகலைன்னா வழக்கம்போல வாடகைக் கிடார். வெசனப்படாதீங்க, அடுத்த வருஷமும் கிறிஸ்துமஸ் வரும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு வருடம் காத்திருந்த மனிதருக்கு அது ஆறுதலாக இல்லை.

வீட்டுக்கு வந்து நோட்டில் இரண்டு பத்திகள் போட்டேன். இடது பக்கம், ஒவ்வொரு முறையும் மாறியவை: உடல். வலது பக்கம், மாறாதவை: கழுத்து, பிரிட்ஜ், சுருள், கம்பிகள், நான் கொடுத்த பட்டியல். இடது பத்தியில் ஒரே ஒரு சொல். இரண்டு வருடமாக நாங்கள் எல்லோரும் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். மரம் ஒன்றுமே செய்யாது என்று வாதாடிய நானும் சேர்த்துத்தான்.

மறுநாள் என் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய வீட்டுப் பட்டறை. கழுத்தை வாங்கி அளந்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட் கழுத்தின் தலைமுனையிலிருந்து முந்நூற்று இருபத்து நான்கு மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். முந்நூற்று இருபத்தேழுக்கும் மேலே இருந்தது. முதல் ஃப்ரெட்டில் வித்தியாசம் முடியளவு. ஏறஏறக் கூடியது.

"அண்ணா, இத எந்த ஸ்கேல்ல அளந்தீங்க?"

"ஏன், ஸ்கேல்லதான்." மேசையிலிருந்து தன்னுடைய இரண்டடி ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டையும் ஒட்டி வைத்தேன். இடது முனையில் ஒன்றாகத் தொடங்கின. என்னுடையதில் முந்நூறு வந்த இடத்தில் அவருடையது இன்னும் முந்நூறைத் தொடவில்லை. மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்தது.

"ஒத்து வரலீங்கண்ணா."

"உங்களுது வெய்யில்ல கெடந்து சுருங்கியிருக்குமுங்க."

"ஸ்டீலுங்கண்ணா."

"அப்ப சுருங்காது" என்று ஒத்துக்கொண்டார். பிறகு தன் ஸ்கேலை வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் பாதி தேய்ந்துபோன சின்ன எழுத்துகள் இருந்தன. நூற்றுக்கு ஒன்று.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. காய்ச்சி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். நூறு மில்லிமீட்டர் பம்பு வேண்டுமானால் மரத்தில் நூற்றொரு மில்லிமீட்டர் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் பேட்டர்ன் மேக்கர்களின் ஸ்கேலே நூற்றில் ஒரு பங்கு நீளமாகக் கோடு போடப்பட்டிருக்கும். பதினாறு வயதிலிருந்து அவர் கை எடுத்த ஸ்கேல் அதுதான். அவருக்கு அது ஒரு தனி ஸ்கேல் அல்ல, ஸ்கேல் என்றாலே அது. பிரிட்ஜை மட்டும் டேப் வைத்து அளந்திருந்தார். தலைமுனையிலிருந்து அதற்கு அறுநூற்று நாற்பத்தெட்டு மில்லிமீட்டர், இரண்டடி ஸ்கேலில் அடங்காது. ஆக ஃப்ரெட்டுகள் சுருங்கும் இரும்பின் அளவில், பிரிட்ஜ் சுருங்காத மரத்தின் அளவில்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தவறைச் சொன்னது நான்தானே.

"ஸ்டெல்லா! இங்க வா! உன்ற புருசன் ரெண்டு வருசமாக் கிடாருக்குப் பேட்டர்ன் செஞ்சுபோட்டான். இரும்புல ஊத்தியிருந்தாச் சரியா வந்திருக்கும்!"

ஸ்டெல்லாக்கா கரண்டியோடு வந்து நின்று, விஷயத்தைக் கேட்டு, கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மூன்று உடல்களையும் பார்த்தார்.

"பாவமுங்க. மூணு பேரையும் சும்மா திட்டிப்போட்டேன்."

சரிசெய்வது எளிதாக இருந்தது. ஃப்ரெட்டுகள் எல்லாம் ஒரே விகிதத்தில் நீண்டிருந்ததால் பிரிட்ஜை ஆறரை மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் போதும். மூன்று உடலிலும் புதுத் துளைகள் போட்டார். மாலைக்குள் வாகை மேலே போயும் கத்தவில்லை.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அவர், "இப்பத்தாங்க மரத்தோட நெசமான குரலே கேக்குது. மேடைக்குப் பலாதான். தேனு மாதிரி இருக்குது. கண்ணைக் கட்டிவுட்டாலும் சொல்லிருவேன்" என்றார்.

"எங்க, கட்டித்தான் பாக்கலாமே. நம்ம புள்ள இருக்குது, எழுதி வெக்கட்டும்" என்றார் ஸ்டெல்லாக்கா.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கடியில் ஒயர் போய் முன்னறையில் இருந்த ஸ்பீக்கரில் சேர்ந்தது. அவர் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதே கழுத்து, அதே கம்பிகள், அதே சுருள், கம்பியிலிருந்து சுருளுக்கு அதே இடைவெளி. மரத்தை மட்டும் சீட்டுக் குலுக்கி மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அந்த உயர்ந்த கடைசி ஸ்வரத்தை ஒரே மாதிரி மீட்டிவிட்டு நிறுத்துவேன். ஒரு மாற்றத்துக்கு அரைமணி நேரம் பிடித்தது. திருகுகளைக் கழற்றிப் பூட்டி என் உள்ளங்கை சிவந்தது. ஒன்பது முறை.

வெளியே அவர் தயங்கவே இல்லை. "பலா! சந்தேகமே இல்லீங்க." "இது வாகை, எரிச்சல் தெரியுது பாருங்க." "பெரிய மனுசன் வந்துட்டாருங்க." பக்கத்துச் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லாக்கா அதற்குப் போட்டியாக "நீளம்", "குட்டை", "நடு" என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். ஆனாலும் எழுதினேன். காதில் விழுவதை எழுதாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்து நோட்டைப் படித்தேன். ஒன்பதில் அவருக்குச் சரியாக வந்தது மூன்று.

மூன்று மரம், ஒன்பது முறை. காதைப் பொத்திக்கொண்டு சொல்லியிருந்தாலும் மூன்று வரும். அது அவருக்கே தெரிந்தது.

"நாஞ்சொன்னது எது சரிங்கம்மணி? பலாவா?"

"பலா ஒண்ணுகூட இல்லீங்கண்ணா."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நினைத்ததுதான் சரி, மரம் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்திலிருந்த வரிசையின் மேல் கண் போனது. நீளம் என்ற சொல் மூன்று முறை. மூன்று முறையும் தேக்கு. வாகை வந்த இடமெல்லாம் குட்டை. ஒரே ஒரு பலாவை மட்டும் குட்டை என்று மாற்றிச் சொல்லியிருந்தார். ஒன்பதில் எட்டு.

"அக்கா, எப்படிக்கா?"

"எனக்கு மரமெல்லாந் தெரியாது கண்ணு. சத்தம் வந்தா வெட்ட ஆரம்பிக்கறது, சத்தம் நின்னா நிறுத்தறது. ஒண்ணுல ஏழு துண்டு விழுந்துது, ஒண்ணுல அஞ்சு. அவ்வளவுதான்."

அவர் மரத்தின் குணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாக்கா எவ்வளவு நேரம் என்று மட்டும் எண்ணினார். பிறகு கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தபோதும் அப்படியே வந்தது. கம்பியின் முனை நிற்கும் மரம் கம்பியின் அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. அவருடைய வாகை அதிகம் தின்றது, தேக்கு குறைவாக. அந்த மூன்று பலகைகளைப் பற்றி மட்டும்தான் இதைச் சொல்வேன், உலகத்திலுள்ள எல்லாத் தேக்கைப் பற்றியும் அல்ல. ஆனால் காற்றின்மேலா நிற்கிறது என்ற கேள்விக்கு முன்னால் என் நோட்டில் ஒரு டிக் போட்டேன். அவர் சொன்னது ஒரு வகையில் சரிதான், அவர் சொன்ன விதத்தில் இல்லை.

சொல்லிக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் நினைக்க நினைக்கப் பிடிக்கிறது. எழுந்தார். பலாவை எடுத்து ஒரு பழைய வேட்டியில் சுற்றினார்.

"மாஸ்டரோட பாட்டுல கடைசி ஸ்வரம் எவ்வளவு நேரம் நிக்கோணும்?"

"அஞ்சு எண்ணறவரைக்கும்னு சொன்னாருங்க."

"அப்பத் தேக்கு. வாங்க, திருகுங்க." அவ்வளவுதான். இரண்டு வருடத்து நம்பிக்கையை விடுவதற்கு வேட்டியை முடிச்சுப்போடும் நேரம் பிடித்தது. "ஸ்டெல்லா, சோறு ஆச்சா?"

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கண்களை மூடிக் கேட்டார். "வாடகைக்குச் சொல்ல வேண்டாமுங்க" என்றார்.

போட்டி நகரத்தின் மறுகோடியில் ஒரு பங்கின் மண்டபத்தில், மதியம் இரண்டு மணிக்கு. எங்கள் முறை நான்காவது. தேக்குக் கிடாருக்கு அவர் வண்ணம் பூசவில்லை, மெழுகு மட்டும்தான். பளபளக்கும் கிடார்களுக்கு நடுவில் அது சமையலறைப் பலகை மாதிரி இருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பாட்டின் நடுவில் எல்லோரும் நிறுத்தினோம். அவர் தனியாக ஏறினார். ஒவ்வொரு படியும் சரியான இடத்தில் நின்றது. கடைசி ஸ்வரத்தை மீட்டிவிட்டு விரலை அழுத்திப் பிடித்தார்.

ஐந்து எண்ணியதும் நாங்கள் நுழைய வேண்டும். ஆல்டோ வரிசையின் முதலாள் நான். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று. நான்கு. ஐந்து. இன்னும் நிற்கிறது. ஆறு. பாட வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. மாஸ்டரின் கை காற்றில் நின்றது. அவர் விழிகள் என்னை நோக்கிப் பெரிதாயின. இவரோ அந்தத் தேக்கை மார்போடு அணைத்து அசையாமல் நின்றார், மூச்சு விட்டாலும் கம்பி கேட்டுவிடும் என்பதுபோல. ஸ்வரம் மெலிந்தது, ஆனால் விழவில்லை. ஏழில் நான் விழித்துக்கொண்டு நுழைந்தேன். நூலளவு மிச்சமிருந்த அந்த ஓசையின் கீழே எங்கள் ஆறு குரல்களும் போய்ச் சேர்ந்தன.

பரிசு வேறொரு பங்குக்குப் போனது. மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஸ்டெல்லாக்காவோ, "ஏன் கண்ணு, பீன்ஸ் வெட்டிட்டு இருந்தியா?" என்றார்.

மண்டபம் பாதி காலியானபோது பவானிப் பக்கமிருந்து வந்திருந்த குழுவிலிருந்து ஓர் இளம் கன்னியாஸ்திரி மேடைக்கு வந்தார். அவர்தான் அந்தக் குழுவில் கிடார் வாசித்தவர். "ஏனுங்க, இத நான் சித்த நேரம் வாசிச்சுப் பாக்கட்டுங்களா?"

அந்தக் கிடாரை அதுவரை வேறு யார் கையிலும் முழுப் பாட்டுக்கு இவர் கொடுத்ததில்லை. வார்ப்பட்டையைக் கழற்றி சிஸ்டரின் தோளில் மாட்டிவிட்டார். சிஸ்டர் வெள்ளை அங்கியின் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். அமைதியான பாட்டு எதையோ எதிர்பார்த்தேன். அதுவோ துள்ளிக்கொண்டு வந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள்.

இவர் மேடையிலிருந்து இறங்கி நடந்தார். நடுவில் நிற்கவில்லை. கடைசிப் பெஞ்சு வரை போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். செய்த நாளிலிருந்து அது எப்போதும் அவர் வயிற்றுக்கு எதிரிலோ ஒரு கதவுக்குப் பின்னாலோதான் ஒலித்தது. இவ்வளவு தூரத்திலிருந்து, ஒரு மண்டபம் முழுவதையும் கடந்து வந்து அது அவர் காதில் விழுவது அதுதான் முதல் முறை.

சிஸ்டர் வாசிப்பதை நிறுத்தாமலே மேடையிலிருந்து சத்தமாகக் கேட்டார். "என்ன மரமுங்க இது?"

நான் திரும்பிப் பார்த்தேன். மரத்தைப் பற்றி யார் கேட்டாலும் அரைமணி நேரம் குறையாமல் பேசும் மனிதர் அவர்.

"அதெல்லாம் பொறவு சொல்றனுங்க சிஸ்டர்" என்றார் கடைசிப் பெஞ்சிலிருந்து. "நீங்க வாசிங்க."